பூட்டே கள்வனுக்குக் கதவு திறந்த கதை

உடைமையைக் காத்துக்கொள்ளப் பூட்டு இடுவது எவரும் குறைகூற இயலாத உரிமை. கடைக்காரர் தம் கடையைப் பூட்டுகிறார். குடும்பத் தலைவர் தம் இல்லத்தைப் பூட்டுகிறார். ஆனால் நாம் விலை கொடுத்து வாங்கிய பொருளோடு, கடைக்காரர் நமக்குத் தெரியாமல் ஓர் ஆளையும் அனுப்பி, அந்த ஆள் நம் இல்லத்தினுள் ஒளிந்திருந்து, அப்பொருளை நாம் எவ்வாறு கையாளுகிறோம் என்று இரவும் பகலும் கண்காணித்தால் அதனை என்னவென்று சொல்வது? ஒளிந்திருந்தவர் நம் புழக்கடைக் கதவின் தாழ்ப்பாளையும் கழற்றி வைத்திருந்தார் என்று பிறகு தெரியவந்தால் நம் மனம் என்ன பாடுபடும்?

இது வெறும் கற்பனை வினாவன்று. 2005-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் இலட்சக்கணக்கான கணிப்பொறிகளில் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்ந்தது. செய்தது கள்வர் கூட்டமன்று. உலகெங்கும் பெயர்பெற்ற ஓர் இசைத்தட்டு நிறுவனம். செய்த நோக்கமும் களவன்று, களவைத் தடுப்பதே. அவ்வாறிருந்தும் விளைவு களவுக்கே துணையாயிற்று. இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட போதிலும், கணிப்பொறியும் கைப்பேசியும் புகாத இல்லமே இல்லை என்றாகிவிட்ட இந்நாளில், அந்நிகழ்ச்சியை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் பயக்கும் என்று கருதி இதனை எழுத முற்படுகிறோம்.

இசைத்துறையினரின் குறை

முதலில் நிறுவனத்தாரின் பக்க நியாயத்தைக் கேட்போம். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பது முறையன்று.

சி.டி. என்று நாம் அழைக்கும் குறுந்தகடு 1982-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. இசை முழுவதும் அதில் எண்களாகவே பதிவாகியிருந்தது. ஆனால் படியெடுப்பதைத் தடுக்க எந்தப் பூட்டும் அதில் இல்லை. பூட்டு தேவைப்படும் என்று அன்று எவரும் எண்ணவுமில்லை; ஏனெனில் குறுந்தகட்டைப் படியெடுக்கக்கூடிய கருவி அக்காலத்து இல்லங்களில் இல்லை. ஒலிநாடாவிலிருந்து மற்றோர் ஒலிநாடாவுக்குப் பாட்டைப் பதிந்தவர்கள் பலர். எனினும் அவ்வாறு எடுத்த படி மூலத்தைவிட மங்கியே ஒலித்தது. படியிலிருந்து எடுத்த படியோ இன்னும் மங்கிற்று. அந்த மங்கலே இயற்கையான வேலியாய் நின்றது.

எண்களாய்ப் பதிந்த இசைக்கு அந்த வேலி இல்லை. ஆயிரமாவது படியும் மூலத்தைப் போலவே தெளிவாக ஒலிக்கும். 1990-களின் இறுதியில் குறுந்தகட்டைப் படிக்கவும் எழுதவும் வல்ல கணிப்பொறிகள் இல்லங்களுக்கு வந்தன. 1999-ஆம் ஆண்டு நாப்ஸ்டர் என்னும் சேவை தோன்றி, முன்பின் அறியாதவர்களும் இணையத்தின் வழியாக ஒருவர்க்கொருவர் பாடல்களைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. 2001-இல் நீதிமன்றத்தின் ஆணையால் அது நின்றபோதிலும், அதனைப் பின்பற்றி வேறு சேவைகள் முளைத்துக்கொண்டே இருந்தன.

பாட்டு எழுதுபவர், இசையமைப்பவர், பாடுபவர், வாத்தியம் வாசிப்பவர், ஒலிப்பதிவு செய்பவர் ஆகிய அனைவருடைய உழைப்பும் ஒரு குறுந்தகட்டில் அடங்கியிருக்கிறது. அவர்களுக்கு உரிய ஊதியம் சேராமல் பாட்டை மட்டும் பெற்றுக்கொள்வது, உழவரின் களத்திலிருந்து நெல்லை அள்ளிக்கொண்டு போவதற்கு ஒப்பானது. ஆகவே தம் பொருளுக்குப் பூட்டு வேண்டும் என்று இசை நிறுவனத்தார் விரும்பியதில் தவறு காண்பதற்கில்லை. தவறு, அந்தப் பூட்டை அவர்கள் தொங்கவிட்ட இடத்தில் இருந்தது.

பயன் தராத பூட்டுகள்

குறுந்தகட்டிற்குப் பூட்டு இடுவதில் பெரியதொரு இடர்ப்பாடு இருந்தது. அதனைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பின்னர் நிகழ்ந்தவற்றின் காரணமும் விளங்கிவிடும். உலகெங்கும் இல்லங்களில் இருந்த பழைய குறுந்தகட்டுக் கருவிகள் அனைத்திலும் புதிய தகடும் பாடியாக வேண்டும். அந்தக் கருவிகளுக்குப் பூட்டைத் திறக்கும் அறிவு கிடையாது. ஆகவே தகட்டில் உள்ள இசையைப் பூட்டி வைக்க இயலாது. அது திறந்த வெளியிலேதான் இருக்க வேண்டும். அவ்வாறாயின் பூட்டை எங்கே இடுவது? தகட்டை வாங்கியவரின் கணிப்பொறியில்தான் இட முடியும்.

தொடக்கத்தில் செய்த முயற்சிகள் நகைப்புக்கு இடமாயின. 2002-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் வெளிவந்த ஒருவகைப் பூட்டு, கணிப்பொறியைக் குழப்பும் தடம் ஒன்றைத் தகட்டின் வெளி ஓரத்தில் கொண்டிருந்தது. அந்த ஓரத்தைச் சாதாரண மார்க்கர் பேனாவினால் கறுப்பாக்கினால் பூட்டு செயலற்றுப் போவதைப் பலர் கண்டுகொண்டனர். 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், மீடியாமேக்ஸ் என்னும் மற்றொரு பூட்டை ஆராய்ந்தார். தகட்டை உள்ளே இடும்போது விசைப்பலகையில் உள்ள ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் போதும், அந்தப் பூட்டு விழுவதேயில்லை என்று அவர் எழுதினார். பூட்டைச் செய்த நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுக்கப்போவதாக அறிவித்து, பின்னர் அம்முடிவைக் கைவிட்டது.

பேனாவுக்கும் விசைக்கும் தோற்ற பூட்டுகளைக் கண்டு, நிறுவனத்தார் இன்னும் ஆழமாக இறங்கும் பூட்டு ஒன்றைத் தேடினர்.

தகட்டோடு வந்த அழையா விருந்தாளி

சோனி பி.எம்.ஜி. என்பது 2004-ஆம் ஆண்டு இரு பெரும் இசை நிறுவனங்கள் இணைந்து உருவான கூட்டு நிறுவனம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் என்னும் நிறுவனம் செய்தளித்த எக்ஸ்.சி.பி. என்னும் மென்பொருளை அது 2005-ஆம் ஆண்டு தன் இசைத்தகடுகள் பலவற்றில் சேர்த்தது.

அத்தகடு சாதாரண இசைக்கருவியில் வழக்கம்போலவே பாடிற்று. விண்டோஸ் இயங்கும் கணிப்பொறியில் இட்டபோதோ, எவரும் கட்டளை இடாமலே தகட்டிலிருந்த நிரல் தானாக இயங்கத் தொடங்கிற்று. முதலில் நீண்டதொரு உரிம ஒப்பந்தம் திரையில் தோன்றும். ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்தினால், பாட்டைக் கேட்பதற்கான மென்பொருள் அமைந்துகொள்ளும். அதன் வழியாகப் பாட்டைக் கேட்கலாம். மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். வேறு மென்பொருளைக் கொண்டு படியெடுக்க முயன்றால் பாட்டுக்குப் பதிலாக இரைச்சலே பதிவாகும். இந்த அளவோடு நின்றிருந்தால், கடுமையான பூட்டு என்று சொல்லி விட்டிருக்கலாம்.

அதனோடு கூடவே, ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் குறிப்பிடப்படாத வேறொன்றும் கணிப்பொறியின் அடிவேர் வரையில் இறங்கி அமர்ந்துகொண்டது. '$சிஸ்$' என்னும் அடையாளத்தோடு தொடங்கும் பெயருடைய எந்தக் கோப்பும், எந்த நிரலும் எவர் கண்ணுக்கும் புலனாகாதவாறு மறைப்பதே அதன் பணி. கணிப்பொறியின் உரிமையாளருக்கும் அவை புலனாகா. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கும் புலனாகா. இத்தகைய மறைப்புக் கருவிக்கு ரூட்கிட் என்று பெயர். பிறருடைய கணிப்பொறியினுள் அத்துமீறி நுழையும் ஹேக்கர்கள், தாம் நுழைந்த தடம் தெரியாதிருக்கக் கையாளும் கருவி அது. கள்வரின் கருவியையே காவலர் தம் கையில் எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் மிகையாகாது.

மேலும், தகடு பாடாத வேளையிலும் அந்த நிரல் ஓய்வின்றி இயங்கி, கணிப்பொறியின் ஆற்றலில் ஒரு சிறு பகுதியை உண்டுகொண்டேயிருந்தது. எந்த இசைத்தொகுப்பு கேட்கப்படுகிறது என்னும் செய்தி இணையத்தின் வழியாக நிறுவனத்துக்குச் சென்றது. வேண்டாம் என்று நீக்க விரும்புவோர்க்கு நீக்கும் வழி எதுவும் அத்தகட்டில் தரப்படவில்லை.

மறைவு வெளிப்பட்டது

மார்க் ருசினோவிச் என்பவர் விண்டோஸின் உள்ளமைப்பை நன்கு அறிந்த அமெரிக்க வல்லுநர். ரூட்கிட்டுகளைக் கண்டுபிடிக்கத் தாம் செய்திருந்த கருவியைத் தம் கணிப்பொறியிலேயே சோதித்தபோது, அங்கே ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டு அவர் திகைத்தார். தடம் பற்றித் தேடிச் சென்றபோது, அது எந்த ஹேக்கரிடமிருந்தும் வரவில்லை, தாம் பணம் கொடுத்து முறையாக வாங்கிய இசைத்தகட்டிலிருந்தே வந்தது என்பது தெரிந்தது. ஒளிந்திருந்த கோப்புகளை அவர் அழித்தபோது, குறுந்தகடு செலுத்தும் பகுதியே கணிப்பொறியின் கணக்கிலிருந்து மறைந்துபோயிற்று. வல்லுநராகிய அவர் அதனை மீட்டுக்கொண்டார். வல்லுநரல்லாத ஒரு குடும்பம் என்ன செய்திருக்கும்? 2005 அக்டோபர் 31 அன்று அவர் இவை அனைத்தையும் விரிவாக எழுதி வெளியிட்டார்.

செய்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று. நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் நவம்பர் மாதத் தொடக்கத்தில் வானொலியில் விளக்கம் அளித்தபோது, பெரும்பாலோர்க்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, தெரியாத ஒன்றைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்னும் கருத்தில் பேசினார். மக்களின் சினத்தை இச்சொல் பன்மடங்காக்கிற்று. மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆகவே அவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று மருந்து விற்பவர் சொல்லலாமா? அறியாதவரிடத்தில்தான் அறிந்தவருக்குக் கடமை மிகுதி.

திறந்த கதவில் நுழைந்தவர்கள்

நிறுவனம் மறைத்து வைத்தது தன்னுடைய கோப்புகளை மட்டுமே என்றால் தீங்கு ஓரளவோடு நின்றிருக்கும். ஆனால் அந்த மறைப்புத் திரைக்கு நண்பர் யார், பகைவர் யார் என்று பிரித்தறியத் தெரியாது. பெயரின் தொடக்கத்தில் அந்த அடையாளம் இருந்தால் எதையும் அது மறைக்கும். இதனை அறிந்தவுடன், முதலில் கணிப்பொறி விளையாட்டில் ஏமாற்ற விரும்பியவர்கள் தம் ஏமாற்று நிரல்களுக்கு அப்பெயரைச் சூட்டி ஒளித்துக்கொண்டனர்.

நவம்பர் 10-ஆம் நாள் அளவில் அதைவிடக் கொடியது வந்தது. மின்னஞ்சலோடு இணைந்து, நிழற்படம் போல் வேடமிட்டு வந்த ஒரு தீநிரல், திறந்தவரின் கணிப்பொறியில் அதே அடையாளத்தோடு தன் பெயரை அமைத்துக்கொண்டு, இசைத்தகடு விரித்து வைத்திருந்த திரைக்குப் பின்னே ஒளிந்தது. தொலைவில் இருந்த ஹேக்கரின் கட்டளைக்குக் கணிப்பொறியைப் பணியச் செய்வதே அதன் நோக்கம். புதிதாக ஒளிவிடம் தேட வேண்டிய தொல்லை ஹேக்கருக்கு இல்லாமற்போயிற்று.

தீர்வு என்று தரப்பட்டதும் தீங்காய் முடிந்தது. பூட்டை நீக்க விரும்பியவர்கள் படிவங்களை நிரப்பி, மின்னஞ்சல் முகவரி கொடுத்து, காத்திருந்து ஒரு நீக்கியைப் பெற வேண்டியிருந்தது. அவ்வாறு இணையத்தின் வழியாக அளிக்கப்பட்ட நீக்கியை, பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்டு ஃபெல்டனும் முன்னர் நாம் குறிப்பிட்ட ஹால்டர்மனும் ஆராய்ந்தனர். அது கணிப்பொறியில் விட்டுச்சென்ற ஒரு பகுதியின் வழியாக, எந்த இணையதளமும் தான் விரும்பிய நிரலை அக்கணிப்பொறியில் இயக்க முடியும் என்று கண்டு நவம்பர் நடுவில் எச்சரித்தனர். ஒளிந்திருந்த ஆளை வெளியேற்ற வந்தவர் வாசற்கதவையே பெயர்த்து வைத்துவிட்டுப் போனார் என்று கொள்ளலாம்.

வினையின் அறுவடை

நவம்பர் 11 அன்று அந்நிறுவனம் எக்ஸ்.சி.பி. பூட்டுடைய தகடுகளின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த சில நாள்களில், விற்றவற்றையும் விற்காதவற்றையும் திரும்பப் பெறுவதாகவும் மாற்றுத் தகடு தருவதாகவும் அறிவித்தது. 52 இசைத்தொகுப்புகளில் 47 இலட்சம் தகடுகள் செய்யப்பட்டு, அவற்றுள் ஏறத்தாழ 21 இலட்சம் விற்பனையாகியிருந்தன. டேன் கேமின்ஸ்கி என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் இணையத் தடயங்களை ஆராய்ந்து, 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வலைப்பின்னல்களில் இம்மென்பொருளின் சுவடு உண்டு என்று கணித்தார். படைத்துறை, அரசுத்துறை வலைப்பின்னல்களும் அவற்றுள் அடங்கும். ஓர் அலுவலர் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால், அவர் பணிபுரியும் அலுவலகமே காவல் இழக்கக்கூடும் என்பது அன்று விளங்கிற்று.

அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உயர் அலுவலர் ஒருவரும் அதே மாதத்தில் நிறுவனத்தாருக்கு ஓர் உண்மையை நினைவூட்டினார். படைப்பு உங்கள் சொத்தாக இருக்கலாம், ஆனால் அது இயங்கும் கணிப்பொறி உங்கள் சொத்தன்று என்பதே அவர் கூறியதன் சாரம். இவ்விவகாரம் முழுவதையும் இதைவிடச் சுருக்கமாகத் தீர்த்துரைக்க முடியாது.

டெக்சஸ் மாநில அரசு நவம்பர் 21 அன்று வழக்குத் தொடுத்தது. பொதுமக்கள் சார்பிலும் வழக்குகள் எழுந்தன. 2006-ஆம் ஆண்டு நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, தகடு வாங்கியவர்களுக்கு மாற்றுத் தகடும் அதனோடு சிறு தொகையோ இலவசப் பாடல் தொகுப்புகளோ கிடைத்தன. அவ்வாண்டு டிசம்பரில் டெக்சஸ், கலிஃபோர்னியா ஆகிய இரு மாநிலங்களுக்கும் தலா 7,50,000 டாலர் செலுத்த நிறுவனம் இசைந்தது. 2007 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், கணிப்பொறி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை ஈடு செய்யவும், இனி முன்னறிவிப்பும் இசைவும் இன்றி எவர் கணிப்பொறியிலும் மென்பொருளை நுழைப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

இவை அனைத்தினும் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. பிறர் படைப்பைப் படியெடுக்கக் கூடாது என்று காவல் காக்க வந்த அதே எக்ஸ்.சி.பி. மென்பொருளினுள், வேறு ஆசிரியர்கள் எழுதிய திறந்தநிலை மென்பொருள்களின் பகுதிகள், அவற்றின் உரிம நிபந்தனைகள் பின்பற்றப்படாமல் சேர்க்கப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

எது சரி, எது தவறு

இந்நிகழ்ச்சியைப் படித்துவிட்டு, பூட்டு இடுவதே தவறு, எல்லாப் பாட்டும் எல்லாருக்கும் இலவசம் என்று முடிவு கட்டினால் நாம் மீண்டும் வழி தவறியவராவோம். படைப்பாளியின் உரிமை மெய்யான உரிமை. அதைக் காக்க அவர் முயல்வதும் நேர்மையே. குற்றம் வேறு மூன்று இடங்களில் நேர்ந்தது.

முதலாவது, மறைத்தல். ஒப்பந்தத்தில் சொல்லாததைச் செய்தது வஞ்சகம். இசைவு என்பது விசையை அழுத்துவதில் இல்லை; எதற்கு இசைகிறோம் என்று அறிந்திருப்பதில் இருக்கிறது. இரண்டாவது, நேர்மையாளரைத் தண்டித்தல். இணையத்தில் திருட்டுப் படி எடுத்தவரின் கணிப்பொறிக்கு எக்ஸ்.சி.பி.யால் எத்தீங்கும் இல்லை. விலை கொடுத்து வாங்கியவரே தீங்குற்றார். மூன்றாவது, தன் நலத்துக்காகப் பிறருடைய இல்லத்தின் காவலைக் குலைத்தல். நம் வயலுக்கு நீர் பாய்ச்ச அண்டை வயலின் வரப்பை வெட்டுவதை எந்த ஊரும் ஒப்புக்கொள்வதில்லை.

சட்டமும் இவ்வேறுபாட்டை மெல்ல உணர்ந்தது. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதைத் தடை செய்திருந்தது. ஆராய்ச்சியாளர்கூட அஞ்ச வேண்டிய நிலை. இந்நிகழ்ச்சிக்குப் பின், 2006-ஆம் ஆண்டு, கணிப்பொறியின் பாதுகாப்பைக் குலைக்கும் குறுந்தகட்டுப் பூட்டுகளை நல்லெண்ணத்தோடு ஆராய்வதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. நம் இந்திய நாட்டில் 2012-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. படைப்பாளியின் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் அது விதிக்கிறது. அதே பிரிவு, பயன்படுத்துவோரை அடையாளம் காணவோ கண்காணிக்கவோ வைக்கப்பட்ட ஏற்பாட்டைத் தவிர்ப்பதையும், உரிமையாளரின் அனுமதியோடு கணிப்பொறியின் பாதுகாப்பைச் சோதிப்பதையும் குற்றமாகக் கொள்வதில்லை. படைப்பாளியின் உடைமைக்கும் வாங்குபவரின் இல்லத்துக்கும் இடையே எல்லைக்கோடு இருக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

இசை உலகமும் பாடம் கற்றது. 2007 முதல் பெரிய நிறுவனங்கள் பூட்டில்லாத பாடல்களை இணையத்தில் விற்கத் தொடங்கின. 2009-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐ-டியூன்ஸ் கடையில் இருந்த பாடல்கள் அனைத்தும் பூட்டின்றி விற்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. எளிதாகவும் நியாயமான விலையிலும் கிடைத்தபோது மக்கள் பணம் கொடுத்தே வாங்கினர். இன்று மாதச் சந்தா செலுத்திப் பாட்டும் படமும் பெறும் சேவைகளில் பூட்டு இல்லாமலில்லை. ஆனால் அங்கே நாம் வாடகைக்குப் பெறுகிறோம் என்பது ஓரளவு வெளிப்படையாகவேனும் சொல்லப்படுகிறது.

நம் இல்லங்களுக்குரிய படிப்பினை

குறுந்தகட்டுக் காலம் மறைந்துவிட்டது. தகட்டை இட்டவுடன் நிரல் தானாக இயங்கும் வழக்கத்தை விண்டோஸும் பெரிதும் கட்டுப்படுத்திவிட்டது. எனினும் அழையா விருந்தாளிகள் மறையவில்லை. வேறு வேடத்தில் வருகின்றனர். பெற்றோர் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சுருங்கச் சொல்வோம்.

ஒன்று: அறியாததற்கு இசைவு தர வேண்டா. கைப்பேசியில் ஒரு செயலி அமையும்போது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். விளக்கு எரியச் செய்யும் செயலிக்கு நம் குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமை எதற்கு? பொருந்தாத அனுமதி கேட்கும் செயலியை நீக்கிவிடுவதே அறிவுடைமை.

இரண்டு: இலவசம் என்று வரும் திருட்டுப் பொருளுக்கு விலை உண்டு. புதிய திரைப்படம், பூட்டு உடைத்த மென்பொருள் என்று ஆசை காட்டும் தளங்களில் தீநிரல்கள் பதுங்கியிருப்பது மிக வழக்கம். அங்கே படைப்பாளிக்குச் செய்யும் அநீதியும் நம் குடும்பத்துக்குச் செய்துகொள்ளும் தீங்கும் ஒரே விசையில் நிகழ்கின்றன. பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்று: வாட்ஸப்பில் திருமண அழைப்பிதழ், வங்கி அறிவிப்பு, அபராதச் சீட்டு என்னும் பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்புகளைத் திறக்கலாகாது. அழைப்பிதழ் படமாக வரும், செயலியாக வருவதில்லை. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும், அவருடைய கைப்பேசியே பிறர் வசப்பட்டிருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டா. அவரோடு பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்கு: இல்லத்துக் கணிப்பொறியில் நிர்வாகிக் கணக்கை வைத்துக்கொண்டு அன்றாட வேலை செய்ய வேண்டா. பிள்ளைகளுக்கும் பெரியோர்க்கும் சாதாரணக் கணக்கு ஒன்றை அமைத்துக் கொடுங்கள். அந்த எக்ஸ்.சி.பி. பூட்டும் நிர்வாகியின் அதிகாரம் இருந்த கணக்கில்தான் அமைய முடிந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. கொத்துச்சாவியை எந்நேரமும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிபவரிடமிருந்தே அது களவு போகும்.

ஐந்து: விண்டோஸும் கைப்பேசியும் புதுப்பிப்பு கேட்கும்போது தள்ளிப்போட வேண்டா. கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கவே பெரும்பாலான புதுப்பிப்புகள் வருகின்றன. அவற்றைக் கருவியின் அமைப்புப் பகுதியிலிருந்தே பெறுங்கள். புதுப்பிப்பு என்று சொல்லித் திரையில் திடீரெனத் தோன்றும் விளம்பரத்திலிருந்து பெறலாகாது.

ஆறு: வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று எவர் சொன்னாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல வேண்டா. அவர் சொல்லும் செயலியையும் அமைக்க வேண்டா. பணம் பறிபோனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைத்துக் காலம் தாழ்த்தாமல், உடனே 1930 என்னும் எண்ணில் அழைத்து முறையிடுங்கள். விரைந்து முறையிட்டால் பணம் கைமாறும் வழியிலேயே நிறுத்தப்படும் வாய்ப்பு உண்டு.

இந்த இறுதிச் செய்தியில் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விழைகிறோம். ஏமாற்றப்பட்ட பிள்ளையை, ஏமாற்றப்பட்ட முதியவரை முதலில் கடிந்துகொள்ளும் இல்லத்தில், அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார்கள். மறைவு அங்கேயே பிறந்துவிடும். 2005-ஆம் ஆண்டு நிகழ்ச்சி நமக்குக் காட்டுவதும் இதுவே. தீயவர் எப்போதும் ஒளிவிடத்தையே தேடுகின்றனர். நல்ல நோக்கத்தோடு நாம் அமைக்கும் ஒளிவிடமும் அவர்களுக்கு வசதியான ஒளிவிடமே. அன்றைய மறைவைக் கண்ட ஒருவர் அதனைத் தம்முள் வைத்துக்கொள்ளாமல் உரக்கச் சொன்னார். ஆகவே இலட்சக்கணக்கானோர் தப்பினர். தாம் அழுத்திய ஒரு விசையைப் பற்றி, தமக்கு வந்த ஓர் அழைப்பைப் பற்றி, அச்சமின்றி ஒருவர்க்கொருவர் சொல்லக்கூடிய இல்லத்தில் எந்த அழையா விருந்தாளியும் நெடுநாள் ஒளிந்திருக்க இயலாது.